அன்று நான் கேட்காமல் விட்டது

இன்று காலை ஹோட்டலில் ஸ்டோர் ரூமைக் காலி செய்தோம். கடலை ஒட்டிய இடத்தில் மின்சாமான் எதுவும் அதன் ஆயுளை முழுதாக வாழ்வதில்லை. உப்புக்காற்று கேபிள் முனைகளைப் பச்சை பிடிக்க வைக்கும், திருகாணிகளைத் தின்றுவிடும். கழித்துக்கட்ட வேண்டிய குவியலில் ஒரு பழைய ரௌட்டர் கிடந்தது. உயிர் இருக்கிறதா பார்ப்போம் என்று பிளக்கில் செருகினேன். உள்ளே இருந்த சின்ன விசிறி ஒருமுறை முனகிவிட்டுச் சுற்றத் தொடங்கியது. கூடவே அந்த வாசனை வந்தது. வருடக்கணக்கில் படிந்த தூசி சூடாகிற வாசனை. செங்கல்பட்டில் உன் வீட்டுப் பின்னறையில், முதன்முதலாக நாம் ஒரு ரௌட்டருக்கு மின்சாரம் கொடுத்த அன்று வந்த அதே வாசனை.

நீ போய் எட்டு மாதமாகிறது. இந்த எட்டு மாதத்தில் நான் அழவில்லை. உன் சாவுக்கு வந்தவர்களில் என்னைப் பார்த்து, கல்நெஞ்சக்காரி என்று இரண்டு பேராவது நினைத்திருப்பார்கள். இன்று அந்தத் தூசி நாற்றத்துக்கு அழுதேன், அதுவும் பக்கத்தில் எலக்ட்ரீஷியன் நிற்கும்போது. தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று அவரிடம் சொல்லிச் சமாளித்தேன். செத்த பிறகும் என்னை நாலு பேர் முன்னால் அசடு வழிய வைக்கிறாய், பார்.

நாம் மறைமலைநகரில் காருக்கு வயர் கட்டுகிற கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். இருவரும் டிப்ளமோ, இருவரும் கான்ட்ராக்ட். கம்பெனி பஸ்ஸில் நீ எனக்கு ஜன்னலோரத்தைப் பிடித்து வைத்துவிட்டு, நான் ஏறியதும், "நவுரு, காத்து எனக்கு வேணும்" என்று நீயே அதில் உட்கார்ந்துகொள்வாய். கான்ட்ராக்ட் முடிய ஒரு வாரம் இருந்தபோது கம்பெனியில் நெட்வொர்க் படுத்துவிட்டது. லைன் நின்றது. இரண்டு மணி நேரம் கழித்து ஒருவன் லேப்டாப்போடு வந்தான். கசங்கிய சட்டை, காலில் ரப்பர் செருப்பு. பெரிய அதிகாரி தன் கையாலேயே நாற்காலி இழுத்துப் போட்டு அவனை உட்கார வைத்தார். நீ என் விலாவில் இடித்து, "அந்த ஆளு இன்னா பண்றான்னு தெரிஞ்சிக்கணும்டி. நம்மள ஒரு நாளாச்சும் இவரு உக்காருன்னு சொல்லிகீறாரா?" என்றாய். நம் படிப்பு அங்கேதான் தொடங்கியது.

வேலை போன பிறகு வாரத்துக்கு ஐந்து நாள், காலை பத்து மணிக்கு உன் வீடு. உன் நைனா வேலைக்குப் போனதும் நான் வந்துவிடுவேன். உன் தம்பிக்குப் பள்ளியில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப், கீல் உடைந்து போய் அரிசி டப்பாவில் சாய்ந்துதான் நிற்கும். சென்னை ரிச்சி தெருவில் தேடி இரண்டு பழைய ரௌட்டரும் ஒரு நெட்வொர்க் சுவிட்சும் வாங்கினோம். ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது எதிர் சீட்டுப் பெரியவர், "இன்னாமா அது, டிவிடி பிளேயரா?" என்று கேட்டார். "ஆமாங்க, இன்னா பாட்டு போடட்டும்?" என்று கேட்டாய் நீ. தாம்பரம் வரைக்கும் அவர் நம் பக்கம் திரும்பவில்லை.

சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. போனில் வீடியோ பார்த்தோம். இங்கிலீஷ் வேகமாக ஓடியதால் பாதி வேகத்தில் வைத்தோம். பாதி வேகத்தில் அந்த ஆள் குடித்துவிட்டுப் பேசுவது போல இருந்தது. நீ அதே குரலில் என்னைச் சாப்பிடக் கூப்பிடுவாய். வயர் முனைக்குக் கிளிப் அடிப்பது மட்டும் நமக்கு வீடியோ இல்லாமலே வந்தது. எட்டு நிறத்தை வரிசையாக அடுக்குவது கம்பெனியில் விரலுக்குப் பழகிப்போன வேலை. மற்றதெல்லாம் மலை. நெட்வொர்க் முகவரிகளைப் பிரிக்கும் கணக்கு எனக்கு மூன்று வாரம் ஏறவில்லை. நோட்டு நோட்டாக எழுதி எழுதி அடித்தேன். உனக்கு அது ஒரு சாயங்காலத்தில் வந்தது. எனக்கு விளங்காததை நீ கம்பெனி பஸ்ஸை வைத்துச் சொன்னாய்: "டிரைவருக்கு உன் வூடு எங்க கீதுன்னு தெரியவே வேணாம்டி. அடுத்த ஸ்டாப்பிங் எதுன்னு தெரிஞ்சா போதும். அங்க இருக்கறவன் அதுக்கப்புறம் பாத்துப்பான். ரௌட்டரும் அவ்ளோதான்." இன்றும் புதிதாக வருபவர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன். யார் சொன்னது என்று சொல்வதில்லை.

ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டியைக் கூப்பிட்டுப் பார்க்கும் அந்தக் கட்டளை உனக்கு நினைவிருக்கும். பதில் வந்தால் ஆச்சரியக்குறி, வராவிட்டால் புள்ளி. நமக்கு முதலில் வந்தது ஒரு புள்ளி, பிறகு நான்கு ஆச்சரியக்குறி. நான் குதித்தேன். நீ குதிக்கவில்லை. "மொத புள்ளி ஏன் வந்துச்சு?" என்று இரண்டு நாள் அதையே பிடித்துக்கொண்டு தொங்கினாய். மூன்றாம் நாள் கண்டுபிடித்துவிட்டுச் சொன்னாய்: எதிரில் இருப்பது யார் என்றே தெரியாமல் முதலில் ஒருமுறை விசாரிக்க வேண்டியிருக்கிறது, அந்த விசாரணை முடிவதற்குள் முதல் அழைப்பு வீணாகிவிடுகிறது. நான்கு கிடைத்தால் போதும் என்று நினைப்பவள் நான். அந்த ஒன்று ஏன் போனது என்று கேட்பவள் நீ. அதற்காக உன்னை நான் எவ்வளவு வெறுத்தேன் என்று உனக்குத் தெரியாது. உன் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டே வெறுத்தேன்.

உன் வீட்டில் பக்கத்துப் போர்ஷன்காரர் மோட்டார் போட்டால் நமக்கு மின்சாரம் போய்விடும். இந்தப் பெட்டிகளில் நாம் அடிப்பதெல்லாம் சேவ் செய்யும் வரைக்கும் காற்றில்தான் நிற்கும். வேலை செய்வது போலவே செய்யும், எல்லாம் சரியாக ஓடும். ஆனால் மின்சாரம் ஒரு நொடி போனால் சுத்தமாகத் துடைத்துக்கொண்டு போய்விடும். மூன்று முறை அரை நாள் உழைப்பு அப்படிப் போனது. மூன்றாம் முறை நீ அந்த மோட்டார்காரரின் பரம்பரையையே இழுத்துத் திட்டி முடித்துவிட்டு ஒரு சட்டம் போட்டாய். தட்டச்சு செய்பவளுக்குத் தன் வேலையின் மேல்தான் கண் இருக்கும், அவளுக்கு நினைவு வராது. ஆகவே பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள்தான் கேட்க வேண்டும். கீபோர்டிலிருந்து கை எடுக்கும் முன் கேட்க வேண்டும். "சேவ் குடுத்தியா?"

அதற்குப் பிறகு பெரும்பாலும் நீ தட்டினாய், நான் நோட்டோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு நாள்கூடத் தவறாமல் கேட்டேன். நான் கேட்டதும் உன் விரல் தானாகப் போய்ச் சேவ் செய்யும். நான் தட்டும் நாட்களில் நீ கேட்க வேண்டும். நீ போனில் அடுத்த வீடியோவில் மூழ்கியிருப்பாய், மறந்துவிடுவாய். அதனால் நானே எனக்குக் கேட்டுக்கொள்ளக் கற்றுக்கொண்டேன். நீ கேட்க மறந்ததால் எனக்கு அந்தப் பழக்கம் வந்தது. நான் மறக்காமல் கேட்டதால் உனக்கு வரவில்லை. இது எனக்கு அப்போதே தெரியும். நீ அதை ஒருபோதும் யோசித்திருக்க மாட்டாய். உனக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

மாமல்லபுரம் பக்கத்தில் ஒரு பெரிய ஹோட்டலில் நெட்வொர்க் பார்க்க ஒரு ஆள் தேவை என்ற செய்தி உனக்குத்தான் முதலில் வந்தது. நீ என்னிடம் சொல்லாமலே போயிருக்கலாம். மறுநாள் காலையிலேயே என் அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றாய். "ரெண்டு பேரும் போலாம்டி. உனக்கு கெடச்சா என்ன இழுத்துக்கோ, எனக்கு கெடச்சா உன்ன இழுத்துக்கறேன். எப்படியும் ஒருத்தி உள்ள பூந்துட்டா போதும்."

உனக்கு அந்த வேலை எதற்குத் தேவை என்று எனக்குத் தெரியும். உன் நைனா தெளிவாகச் சொல்லியிருந்தார். நான் இருக்கும்போதே சொன்னார். "தை மாசத்துக்குள்ள வேல கெடச்சா நீ உன் இஷ்டத்துக்கு இரு, நா கல்யாணப் பேச்சே எடுக்கல. இல்லாங்காட்டி அச்சரப்பாக்கத்துக்காரங்களுக்கு சரின்னு சொல்லிடுவேன். அப்பால அழக் கூடாது." அச்சரப்பாக்கத்து மாப்பிள்ளை மேல் உனக்குப் புகார் இல்லை. அவரை நீ பார்த்ததே ஒரு தடவைதான். உனக்கு வேண்டியது அந்த வேலை.

எனக்கும் வேண்டியிருந்தது. கட்டியவனை விட்டு வந்து அண்ணன் வீட்டு ஹாலில் இரண்டு வருடமாகப் படுத்திருந்தவள் நான். அண்ணி கெட்டவள் இல்லை. ஆனால் காலையில் நான் பாயைச் சுருட்டும் வரைக்கும் அவள் வாசல் படியில் காபி டம்ளரோடு உட்கார்ந்திருப்பாள். அந்த டம்ளரைப் பார்த்துக்கொண்டு கண் விழிப்பது எனக்குத் தாங்கவில்லை. பிள்ளைக்காகச் செய்தேன் என்று சாக்குச் சொல்ல எனக்குப் பிள்ளையும் கிடையாது. எனக்காகத்தான் செய்தேன்.

தேர்வு நடந்த அறை ஹோட்டலின் பின்புறம், சலவைக்கூடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. வெளியே ரோட்டோரப் பட்டறைகளில் கல் உளிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அடுத்தடுத்து இரண்டு மேசை, மேசைக்கொரு ரௌட்டர், ஒரு லேப்டாப். அலுவலகத்துக்குத் தனியாகவும் தங்க வருபவர்களுக்குத் தனியாகவும் வழி பிரித்துக் கொடுக்க வேண்டும், ஒன்று மற்றதைப் பார்க்கக் கூடாது, ஒரு மணி நேரம். மேனேஜர் தாளைக் கொடுத்துவிட்டு, "ஏதாவது சந்தேகம்னா கூப்பிடுங்க, நான் பக்கத்துலதான் இருக்கேன்" என்று வெளியே போனார். தேர்வு நேரத்தில் பேசக் கூடாது என்று அவர் சொன்னதாகப் பல மாதம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் அப்படிச் சொல்லவே இல்லை.

நீ இருபத்தைந்து நிமிடத்தில் முடித்துவிட்டாய். நான் அப்போது பாதியில் இருந்தேன். நீ கடைசியாக ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தாய், திரை நிறைய ஆச்சரியக்குறி. கீபோர்டிலிருந்து கையை எடுத்தாய். நெட்டி முறித்தாய். உன் திரை எனக்கு நன்றாகத் தெரிந்தது. நம் இடையில் ஒரு முழம்தான் இடைவெளி. நீ சேவ் செய்யவில்லை. என் வாயில் அந்தக் கேள்வி வந்து நின்றது. அத்தனை மாதம் சொல்லிச் சொல்லிப் பழகிய நாக்கு, அதுவாகவே எழுந்தது. நீ என் பக்கம் திரும்பிச் சிரித்தாய், 'இன்னும் முடிக்கலையா' என்பது போலப் புருவத்தைத் தூக்கினாய். நான் குனிந்து என் திரையைப் பார்த்தேன்.

முப்பத்தைந்து நிமிடம் இருந்தது. சொல்ல ஒரு நொடி போதும். முதல் ஐந்து நிமிடம், அவளாகவே நினைவு வந்து செய்துவிடுவாள் என்று நினைத்தேன். பிறகு, மேனேஜர் வந்து பார்க்கும்போது அதைப் பெரிதாக எடுக்க மாட்டார் என்று நினைத்தேன். பிறகு எதுவும் நினைக்கவில்லை. என் வேலையை முடித்தேன். சேவ் செய்தேன். இரண்டு முறை செய்தேன்.

அவர் வந்து உன்னுடையதைச் சோதித்தார். எல்லாம் சரி. "ரொம்ப நீட்டா பண்ணியிருக்கீங்க" என்றார். என்னுடையதில் ஒரு முகவரி தப்பாக இருந்தது, அதைப் பென்சிலால் தாளில் குறித்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான், "இது கடலோரம்மா, கரண்ட் போய்ப் போய் வரும்" என்று சொல்லிக்கொண்டே குனிந்து இரண்டு மேசைக்கும் பொதுவான மின்சார சுவிட்சை அணைத்தார். திரும்பப் போட்டார். இரண்டு விசிறியும் முனகிவிட்டு எழுந்தன. நாம் மூன்று பேரும் காத்திருந்தோம். என் பெட்டி நான் வைத்த பெயரோடு எழுந்து வந்தது. உன் பெட்டி, கடையில் இருந்து புதிதாக வந்தது போல, முதல் முறை அமைக்க வேண்டுமா என்று கேட்டது. அந்தக் கேள்வியைப் பார்த்த உன் முகத்தை நான் பார்க்கவில்லை. என் கண் மேசையின் மேல் இருந்தது.

"இவங்களோட தப்பைத் திருத்திடலாம்" என்று அவர் என்னைக் காட்டிச் சொன்னார். "ஆனா உங்களோடதுல திருத்தறதுக்கு ஒண்ணுமே மிச்சம் இல்லையேம்மா." அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் பார்த்ததை வைத்துச் சொன்னார்.

திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குத் திரும்பி வந்த பஸ்ஸில் நீ உன்னையே திட்டிக்கொண்டு வந்தாய். "பேஜாரு புடிச்ச முண்டம் நானு. எல்லாத்தையும் பண்ணிட்டு ஒத்த வார்த்தைய அடிக்காம எந்திரிச்சிட்டேன் பாரேன்." சிரித்தாய்கூட. திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றபோது ஜன்னலில் கொய்யா விற்றார்கள். இரண்டு வாங்கினேன், மிளகாய்த்தூள் தடவி உனக்கு ஒன்று கொடுத்தேன். நீ வாங்கிக்கொண்டாய். ஒரு கடி கடித்துவிட்டு, சாதாரணமாகத்தான் கேட்டாய்.

"நீ பாக்கலயாடி?"

"இல்லடி. நா என்னோடதையே பாத்துக்கினு இருந்தேன்."

"அதான பாத்தேன்" என்றாய். அதோடு முடிந்தது.

தையில் உனக்குக் கல்யாணம் ஆயிற்று. பந்தியில் எனக்கு நீயே எழுந்து வந்து இன்னொரு வடை போட்டாய். நான் ஏற்கெனவே வேலையில் சேர்ந்திருந்தேன். ஹோட்டலுக்குப் பக்கத்தில் வாடகைக்கு ஒரு அறை, என் பாயை என் இஷ்டத்துக்குச் சுருட்டலாம். சுருட்டாமலும் கிடக்கலாம்.

வேலையில் நான் எப்படித் தாக்குப்பிடித்தேன் என்பது நம் இருவருக்கு மட்டுமே தெரியும். முதல் மாதமே ஒரு பக்கத்துக் கட்டடம் முழுக்க இணைப்பு போய்விட்டது. கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உனக்குப் போன் செய்தேன். நீ அச்சரப்பாக்கத்தில் புகுந்த வீட்டு அடுப்படியில் நின்றாய், தாளிக்கிற சத்தம் கேட்டது. "இரு, பால் பொங்குது" என்றாய். திரும்பி வந்து, "நாலாவது வரிய படி" என்றாய். படித்தேன். "அது இல்ல, அதுக்கு மேல" என்றாய். திரையைப் பார்க்காமலேயே, கரண்டியோடு நின்றுகொண்டே, பதினைந்து நிமிடத்தில் சரிசெய்தாய். எனக்குப் பாராட்டு கிடைத்தது.

அப்படி இரண்டு வருடம் ஓட்டினேன். மாதம் மூன்று முறை, சில மாதம் ஏழெட்டு முறை. உன் வீட்டுக்காரருக்கு அரிசி மில். அங்கே கேமரா கெட்டுப்போனால் நீ சரிசெய்வாய். அவர் வெளியே போய், கேமராக்காரன் வந்து பார்த்தான் என்று சொல்லிக்கொள்வார். அதைச் சொல்லி நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நானும் சிரித்தேன். அவர் செய்ததைத்தான் நானும் செய்கிறேன் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை என்று எழுத ஆசை. உறைத்தது.

ஒவ்வொரு முறையும் போனை வைக்கும் முன் நீ கேட்பாய்: "சேவ் குடுத்தியா?" நம் பழைய சட்டத்தின்படி கேட்டாயா, எனக்கு வலிக்க வேண்டும் என்று கேட்டாயா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. உன் குரலில் ஒன்றும் இருக்காது. "குடுத்துட்டேன்டி" என்பேன். ஒரு தடவைகூட நீ கேட்க மறக்கவில்லை.

போன மழைக்காலத்தில் உனக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் சாதாரணக் காய்ச்சல் என்றார்கள், பிறகு ரத்த அணுக்கள் குறைகின்றன என்று செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் பார்க்க வந்த அன்று நீ தெளிவாகத்தான் இருந்தாய். கையில் ஊசி, உதடு வெடித்திருந்தது. உன் வீட்டுக்காரர் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கஞ்சி வாங்கப் போனார். நான் அதற்காகவே காத்திருந்தவள் போல உட்கார்ந்தேன். பஸ்ஸில் வரும்போது பல விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தேன். கடைசியில் ஒரு வாக்கியம்தான் வந்தது.

"அன்னிக்கி நா பாத்தேன்டி."

"தெரியும்" என்றாய்.

"எப்போலேந்து?"

"நீ கொய்யா வாங்கனப்பவே. என்னிக்காவது நீ காசு குடுத்து எனக்கு இன்னா வாங்கி தந்துகீற?"

சிரிக்கப் பார்த்தாய், உதடு வெடித்திருந்ததால் முடியவில்லை. நான் உன் கையைப் பிடித்தேன். பிடிக்க விட்டாய். மேலே சுற்றும் விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்.

"நானா இருந்தாலும் வாய மூடிக்கினுதான் இருந்திருப்பேன்னு நெனச்சு பாக்கறேன்டி. நெறய வாட்டி நெனச்சு பாத்துட்டேன். அப்படி நெனச்சா உம்மேல கோவம் போயிடும் இல்ல? ஆனா அந்த நெனப்பு வர மாட்டேங்குது."

அவ்வளவுதான் சொன்னாய். திட்டியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். உன்னை யார் என்னை நம்பச் சொன்னது, உன் வேலையை நீ சேவ் செய்துகொள்ளத் தெரியாதா என்று கேட்டிருப்பேன். அந்தக் கேள்வி இன்னும் எனக்குள் இருக்கிறது. அது நியாயமான கேள்விகூட. ஆனால் நீ எனக்காக அத்தனை நாள் மெனக்கெட்டு யோசித்துப் பார்த்திருக்கிறாய். உன்னைக் கொஞ்சம் என்னைப் போல ஆக்கிப் பார்த்து, அது முடியாமல் போயிருக்கிறது. 'மன்னிச்சிட்டேன்டி' என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். தேர்வு முடிந்து வந்த பஸ்ஸில் நான் எவ்வளவு சுலபமாகச் சொன்னேன். சாகப்போகிறவளுக்குக்கூடப் பொய் வரவில்லை பார், உனக்கு. நான்காம் நாள் காலையில் நீ போய்விட்டாய்.

ஆஸ்பத்திரிக்கு வந்த அன்று உன்னிடம் சொல்ல வந்தது இரண்டு விஷயம். ஒன்றைத்தான் சொன்னேன். உன் வீட்டுக்காரர் கஞ்சியோடு வர இன்னும் கால் மணி நேரம் ஆயிற்று, நேரம் இருந்தது. நீ சொன்னதைக் கேட்ட பிறகு எனக்குத் துணிச்சல் வரவில்லை. இந்த மடலே அதற்காகத்தான்.

நான் வேலையில் சேர்ந்த மறு வருடம் இங்கே இன்னொரு ஆள் எடுத்தார்கள். அந்தப் பேச்சு வந்த நாள் காலை ஹோட்டலின் இணைப்பு முழுதும் விழுந்திருந்தது. நீதான் போனில் சரிசெய்து கொடுத்தாய், ஒரு மணி நேரம் என்னோடு இருந்தாய். மத்தியானம் மேனேஜர் என் மேசைக்கே வந்து பாராட்டினார். பாராட்டிவிட்டு, "அன்னைக்கு உங்ககூட டெஸ்ட்டுக்கு வந்தாங்களே ஒருத்தங்க, சேவ் பண்ணாம விட்டவங்க. மத்தபடி ரொம்ப நல்லா பண்ணியிருந்தாங்க. அவங்க நம்பர் உங்ககிட்ட இருக்கா? கூப்பிட்டுப் பார்க்கலாமே" என்றார்.

போன் என் கையில்தான் இருந்தது. உன்னோடு பேசிய சூடுகூட அதில் ஆறவில்லை.

"அவங்க கல்யாணம் ஆகிப் போயிட்டாங்க சார்" என்றேன். "இப்ப இந்த லைன்லயே இல்ல."

அவர் தலையாட்டிவிட்டு வேறு ஆளை எடுத்தார். அன்று சாயங்காலம் நீயே மறுபடி கூப்பிட்டு, எல்லாம் சரியாக ஓடுகிறதா, மேனேஜர் ஏதாவது சொன்னாரா என்று கேட்டாய். ஒன்றும் சொல்லவில்லை என்றேன்.

இதை முதலில் சொல்லியிருந்தால், என் இடத்தில் உன்னை வைத்துப் பார்க்க நீ முயற்சி செய்திருக்கவே மாட்டாய். அன்று படுக்கையில் உன் கையைப் பிடிக்கவும் விட்டிருக்க மாட்டாய். அதனால்தான் சொல்லவில்லை. மேனேஜர் போன வருடம் வேறு ஊருக்குப் போய்விட்டார், அவருடைய வேலை இப்போது என்னிடம். எல்லோரும் மேடம் என்கிறார்கள். கெட்ட கனவெல்லாம் வருவதில்லை, நன்றாகத் தூங்குகிறேன். இதற்காக நான் ராஜினாமா செய்வேன் என்று நீகூட நினைக்க மாட்டாய். நாளைக்கு எனக்குக் காலை ஷிப்ட். போவேன்.